வகுக்க மறந்த கணக்கு

பூமி வெப்பமடைகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வெளியேறும் காபனீரொட்சைட்டே அதற்குப் பிரதான காரணம். இவற்றில் இன்று ஐயத்துக்கு இடமில்லை. குற்றவாளி யார் என்ற வினாவிலேதான் புரட்டு ஆரம்பமாகிறது.

நாடுகளின் மொத்தக் கணக்கை வரிசைப்படுத்துவோர் சீனா முதலிடம், ஐக்கிய அமெரிக்கா இரண்டாமிடம், இந்தியா மூன்றாமிடம் என்பர். அமெரிக்காவும் இந்தியாவும் ஒரே கூண்டில் நிறுத்தப்படவேண்டியவை என்று தீர்ப்பும் வழங்கிவிடுவர். ஒருவன் வாழும் மாளிகையின் விறகுச் செலவையும் நால்வர் ஒண்டியிருக்கும் குடிசையின் விறகுச் செலவையும் அருகருகே வைத்து, இருவரும் ஒத்த ஊதாரிகள் என்று கூறுவது எவ்வகை நியாயம்?

கணக்கை வகுத்துப் பார்ப்போம். 2022 இல் எரிபொருள் வழியாக அமெரிக்கா வெளியேற்றிய காபனீரொட்சைட்டு சுமார் 500 கோடி தொன். மக்கள் சுமார் 33 கோடி. இந்தியா வெளியேற்றியது சுமார் 280 கோடி தொன். மக்கள் சுமார் 142 கோடி. அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 15 தொன். இந்தியர் ஒருவருக்கு 2 தொன். ஏழு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு!

"அமெரிக்காவின் அளவு குறைகிறது, இந்தியாவின் அளவு கூடுகிறது" என்பர் சிலர். உண்மையே. 1970களில் அமெரிக்கரின் பங்கு 20 தொன்னுக்கு மேல் இருந்தது. ஆனால், குறைந்த பின்னரும் எஞ்சியிருப்பது 15 அல்லவா? மேலும், இவ்வாயு வெளியேறிய ஆண்டோடு மறைந்துவிடுவதன்று. அதிற் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் வளிமண்டலத்தில் தங்குகிறது. கைத்தொழிற் புரட்சி முதல் உலகம் வெளியேற்றியதில் ஏறத்தாழக் காற்பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கோ நூற்றுக்கு மூன்று அளவே.

1991 இல் டில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இந்த அநீதியை அம்பலப்படுத்தினர். ஏழை உழவனின் நெல்வயலிலிருந்து எழும் வாயுவையும் செல்வனின் மோட்டார் வாகனம் கக்கும் புகையையும் ஒன்றாக எண்ணலாகாது. முன்னையது உயிர் வாழ்வதற்கு, பின்னையது ஆடம்பரத்துக்கு என்று அவர்கள் வாதிட்டனர். ஆனால் 1997 இல் அமெரிக்க செனற் சபை, வளர்முக நாடுகளும் அதே காலத்துள் கட்டுப்பாட்டை ஏற்காவிடின் எவ்வித உடன்படிக்கையும் வேண்டாமென 95 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றுமின்றித் தீர்மானித்தது. அன்று அமெரிக்கரின் பங்கு இந்தியரின் பங்கைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு!

எனினும் இங்கேயே நின்றுவிடுவோமாயின் நாமும் ஏமாந்தவராவோம். சராசரி என்பதும் ஒரு திரையே. அந்த இரண்டு தொன் எல்லா இந்தியரின் கையிலும் சமமாக இருக்கிறதா? குளிரூட்டிய மாளிகையில் வாழ்ந்து விமானத்திற் பறக்கும் பம்பாய்ச் செல்வனையும், சாணவரட்டி மூட்டிச் சமைக்கும் பீகார்க் கூலிப் பெண்ணையும் கூட்டி வகுத்ததன் விளைவே அது. உலக மாநாட்டில் அவளது வறுமையைக் கேடயமாக ஏந்தும் செல்வர், ஊர் திரும்பியதும் அவளுக்கு ஒரு மின்விளக்குக்கும் கணக்குப் பார்க்கின்றனர். அமெரிக்காவிலும் சுரங்கத் தொழிலாளியின் பங்கும் எண்ணெய் முதலாளியின் பங்கும் ஒன்றல்ல.

ஆகவே கணக்கை இருமுறை வகுக்கவேண்டும்: முதலில் நாட்டுக்கு நாடு, பின்னர் வர்க்கத்துக்கு வர்க்கம். முதலாவதை அமெரிக்க ஆட்சியாளர் விரும்புவதில்லை. இரண்டாவதை எந்நாட்டுச் செல்வரும் விரும்புவதில்லை. அதனாலேயே இரண்டையும் செய்வது நமது கடமையாகிறது.