விழித்திரை கிழிந்தால் எந்தச் சிகிச்சை?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் நம் இளைஞர் பலர் பணிபுரிகின்றனர். உலோகத் துணுக்குத் தெறித்தாலும், கண்ணில் பலத்த அடி பட்டாலும் விழித்திரை கிழியக்கூடும். கடுமையான கிட்டப்பார்வை உள்ளோர்க்கு அடிபடாமலே கிழிவதுண்டு. கிழிசல் வழியே நீர் புகுந்தால், ஈரச் சுவரினின்று காகிதம் உரிவதுபோல் திரை பெயர்ந்துவிடும். அடியால் வந்ததன்றேல் வலி இராது; ஆதலால் பலர் வாளாவிருந்துவிடுகின்றனர்.

“எந்த அறுவை சிறந்தது?” என்று குடும்பத்தார் வினவுகின்றனர். கிழிசலின் இடமும் அளவுமே அதனைத் தீர்மானிக்கும் என்பதே நம் விடை.

திரை பெயருமுன் கண்டுகொண்டால், கிழிசலைச் சுற்றி லேசர் ஒளி பாய்ச்சுவதே பெரும்பாலும் போதும். பெயர்ந்தபின் மூன்று வழிகள் உள.

மேற்புறத்துச் சிறு கிழிசலாயின், கண்ணுள் வாயுக் குமிழைச் செலுத்தலாம். தலையைச் சில நாள் குறித்த நிலையிலேயே வைத்திருத்தல் வேண்டும். 2019-இல் வெளியான டொராண்டோ ஆய்வில், முதல் முயற்சியிலேயே இம்முறையால் நூற்றுக்கு 81 பேர்க்கும், விட்ரெக்டமி அறுவையால் 93 பேர்க்கும் திரை ஒட்டியது. ஆயினும் ஓராண்டுக்குப் பின் பார்வைத் தெளிவில் வாயு பெற்றோரே முந்தினர்.

இரண்டாவது, வெள்விழியின்மேல் சிலிக்கோன் பட்டை தைத்து அழுத்துவது. இயற்கை லென்சு கெடாத இளைஞர்க்கு இது பெரிதும் ஏற்றது. கிட்டப்பார்வை சற்றுக் கூடலாம்.

மூன்றாவதே விட்ரெக்டமி. 1970-இல் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் இதற்கு வழி வகுத்தார். திரையின் சுற்றளவில் கால் பங்கோ அதற்கு மேலோ கிழிந்த பெருங்கிழிசலுக்குப் பெரும்பாலும் இதுவே கதி. கண்ணின் கூழை அகற்றி, கனத்த திரவத்தால் மடிந்த திரையை விரித்து, லேசரால் ஒட்டி, வாயுவையோ சிலிக்கோன் எண்ணெயையோ நிரப்புவர். எண்ணெயை வெளியேற்ற வழக்கமாக மற்றோர் அறுவை தேவை. பின்னர்க் கண்புரை வளர்வதும் உண்டு. வாயு கரையும்வரை விமானப் பயணமும் மலைப்பயணமும் ஆகா.

சென்னையில் 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1978-இல் மருத்துவர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

கண்ணில் மின்னல் வெட்டினாலும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலும், ஓரத்தில் நிழல் படிந்தாலும் அன்றே செல்லுங்கள். நடுப்பார்வைக்குரிய இடம் பெயருமுன் சென்றால், முன்னிருந்த பார்வையைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. ஷிப்டு முடியட்டும் என்று காத்திராதீர்கள். துணுக்குப் பாய்ந்த கண்ணைக் கசக்காமல், துணுக்கைப் பிடுங்காமல், அழுத்தம் படாதவாறு மூடி அழைத்துச் செல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே வேலையில் நிற்குமாறு பிள்ளைகளைப் பெற்றோர் வற்புறுத்த வேண்டுகிறோம்.