உடம்பு பழகிக்கொள்ளுமாம்!

"முதல்ல இருமல் வரும், அப்புறம் உடம்பு பழகிக்கும்." தூசு பறக்கும் வேலைக்குப் புதிதாகப் போகிறவனுக்கு முதல் நாளே இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வந்தது 1997-ல். சுற்றிலும் அரியலூர் மாவட்டம் நெடுகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், இன்னும் பல ஆலைகள், கல் ஏற்றி ஓடும் டிப்பர் லாரிகள். இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த பையன் அந்தப் பக்கம் இருந்தால் அதிசயம்தான். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்பா, சித்தப்பா, மாமாதான். ஆனால் சொல்வது தப்பு. ஆளைத் தின்கிற தப்பு.

உடம்புக்குத் தற்காப்பே இல்லையா என்ன? பிரமாதமாகவே இருக்கிறது. பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். அதைத் தாண்டியதை மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். (பீடிப் புகை அந்த மயிரிழைகளைத்தான் முதலில் முடக்கும். தூசு வேலை முடிந்து ஒரு பீடி என்பது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.)

ஆனால் ஐந்து மைக்ரானுக்கும் சின்னதான தூசு? கண்ணுக்கே தெரியாது. மூக்கில் கட்டிய துண்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நேராகக் காற்றுப்பைகளுக்குப் போய்விடும். அங்கே கடைசிக் காவலாக மேக்ரோஃபேஜ் என்ற செல் காத்திருக்கிறது. வந்ததை விழுங்கிச் செரிப்பது அதன் வேலை. சிலிக்கா படிகத்தை மட்டும் அதனால் செரிக்க முடியாது. விழுங்கிய செல் செத்துப்போகும், படிகம் வெளியே விழும், அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். இந்தச் சண்டை நடந்த இடத்தில் தழும்பு விழுந்து நுரையீரல் இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். கவனியுங்கள், இங்கே நோயை உண்டாக்குவதே உடம்பின் பாதுகாப்புதான்! பெரும்பாலும் பத்து, இருபது வருடம் கழித்துத் தெரியவரும்; டி.பி. என்று தவறாக மருந்து கொடுப்பதும் நடக்கிறது. தழும்பை ஆற்ற மருந்து கிடையாது.

சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா குறைவுதானே என்று ஒரு வாதம் வரும். கருங்கல் குவாரியோடு ஒப்பிட்டால் குறைவுதான். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? சிலிக்காவே இல்லாவிட்டாலும் வருடக்கணக்கில் சிமெண்ட் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குச் சாம்பிராணிப் புகை இல்லையே.

அடுத்தது வெல்லம். தூசு வேலை நடக்கும் பல இடங்களில் வெல்லம் கொடுப்பது வழக்கம். லக்னோ விஞ்ஞானிகள் 1994-ல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நுரையீரலிலிருந்து தூசு வெளியேற அது உதவியதாக எழுதினார்கள். நல்லது, கொடுக்கட்டும். ஆனால் வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் தூசியை அப்படியே பறக்கவிடுவதற்கு அந்த எலிகள் சாட்சி சொல்லவில்லை.

மனசு விஷயத்திலும் இதே கதைதான். சுரங்கத்தில் வெடி வைத்தால் முதல் தடவை குழந்தை பதறி அழும். நாலாவது மாதம் திரும்பிக்கூடப் பார்க்காது. "பாத்தியா, பயம் தெளிஞ்சிடுச்சு" என்பார்கள். ராத்திரி முழுக்க லாரிச் சத்தத்தில் தூங்குகிறவரும் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்வார். ஆனால் அவர் தூங்கும்போது அளந்து பார்த்தால், சத்தம் வரும்போதெல்லாம் இதயத்துடிப்பு எகிறுகிறது. மனசு புகார் கொடுப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். மரத்துப்போன காலில் முள் குத்தினால் வலிக்காது. அதற்காக அந்தக் காலை பலமான கால் என்று யாராவது சொல்வார்களா?

அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்களைப் பார்த்திருப்பீர்கள். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த உயிர்கள். உடம்பே கட்டிக்கொண்ட கெட்டியான ஓடு அவற்றுக்கு இருந்தது. கடைசியில் ஓடுதான் மிஞ்சியது.

தூசியை அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-வது பிரிவே சொன்னது. கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளிப்பது, உறிஞ்சும் குழாய், லாரிக்குத் தார்ப்பாய், நுண்தூசியைத் தடுக்கும் சரியான முகமூடி, அப்பப்போ நுரையீரல் சோதனை... எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எல்லாவற்றுக்கும் காசு ஆகும். 'உடம்பு பழகிக்கும்' என்பதற்கு மட்டும் முதலாளிக்கோ காண்டிராக்டருக்கோ ஒரு பைசா செலவு இல்லை.