செல்போன் மணி அடிக்கும். கேட்டை மூடுவது யார்?

பெங்களூர்: மனநோயைக் கண்காணிக்க இனி செல்போனே போதும் என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. பேச்சில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

ஒரு சமயம் அளவு மீறிய உற்சாகம், இன்னொரு சமயம் எழுந்திருக்கவே மனமில்லாத சோர்வு என மாறி மாறி வரும் நோயை டாக்டர்கள் 'இருமுனைக் கோளாறு' என்கிறார்கள். உற்சாகம் தலைக்கேறும் முன் பெரும்பாலும் தூக்கம் குறையும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் யாருக்கோ போன் போகும். சோர்வு வந்துவிட்டாலோ ஆள் வீட்டை விட்டு நகர மாட்டார். வந்த போனையும் எடுக்க மாட்டார். இவை எல்லாம் செல்போனில் தாமாகவே பதிவாகக் கூடியவை. டாக்டரைப் பார்ப்பது எப்போதோ ஒரு தடவை, சில நிமிஷம். போனோ நாள் முழுக்கச் சட்டைப் பையில்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 'மொனார்க்கா' என்ற பெயரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தினமும் மனநிலையைப் போனில் குறித்தார்கள்; மருத்துவக் குழு அதைக் கவனித்து வந்தது. 2015-ல் வெளியான முடிவு எதிர்பார்த்தபடி இல்லை. கண்காணிக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சோர்வைத் தினமும் குறிப்பதே சோர்வைக் கூட்டுமோ என்ற ஐயமும் எழுந்தது.

நம் நாட்டு நிலைமை வேறு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் மனநோயாளிகளுக்குச் சிகிச்சையே கிட்டவில்லை. மணி அடித்தால் மட்டும் போதுமா? லெவல் கிராசிங் கேட்டை மூட ஆள் வேண்டாமா? 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 எண்ணில் போன் செய்தால் மறுமுனையில் மனிதர் பேசுகிறார், தமிழிலும் பேசலாம். இதுவே உருப்படியான காரியம்.

ரகசியம் என்ன ஆகும் என்பது அடுத்த கவலை. ஒரே போனை வீடு முழுக்க எடுத்துப் பேசும் குடும்பங்கள் ஏராளம். வேலை கொடுத்தவர் காதுக்குச் செய்தி போனால் கதை வேறு. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையை மருத்துவத் துறையினர் மீது சுமத்துகிறது. செயலி நடத்தும் கம்பெனிகளுக்கு 2023-ம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதில் மனநல விவரங்களுக்கென்று தனிப் பிரிவு இல்லை. கடை ரசீதும் மனநோய் விவரமும் அங்கே ஒரே தட்டில்தான்.

சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் பஸ் ஏறி ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள், பொத்தானை அழுத்தும் முன் அதைத் தமிழில் கேட்டு வாங்கலாம்.