அரை ஷிப்ட் போச்சுங்க!

திருப்பூரில் உலகச் செய்தி கேட்க டி.வி. தேவையில்லை. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ரோட்டைப் பார்த்தால் போதும். வழக்கமாக ராத்திரி எட்டரைக்குத்தான் கம்பெனி கேட்டுகள் திறந்து டூவீலரும் சைக்கிளுமாகக் கொட்டும். அஞ்சரைக்கே கூட்டம் வெளியே வந்தால், எங்கேயோ ஒரு பெரிய மனிதர் ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

2025-ல் அந்தக் கையெழுத்து ஆகஸ்ட் 27-ல் அமலுக்கு வந்தது. ஆகஸ்ட் 7-லிருந்தே இருந்த 25 சதவீதத்தோடு, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று இன்னொரு 25. ஆக 50. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் பழைய வரியே 16.5 சதவீதம் உண்டு. கூட்டிப் பாருங்கள், 66.5. நூறு ரூபாய் பனியன் அங்கே போய் இறங்கும்போது அறுபத்தாறரை ரூபாய் மொய் வைக்க வேண்டியிருந்தது. பங்களாதேஷ், வியட்நாம், இலங்கைக்கெல்லாம் அப்போது இந்தப் புது மொய் 20-தான். பாகிஸ்தானுக்கு 19. எண்ணெய் வாங்கியது யாரோ, வழுக்கி விழுந்தது நம் பனியன்!

திருப்பூர் ஏற்றுமதி வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டும், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு என்றெல்லாம் நிபுணர்கள் விளக்குகிறார்கள். எங்கள் லைன் வீட்டில் பவர் டேபிள் ஓட்டும் அக்காவிடம், "அம்பது சதவீதம்னா என்னன்னு தெரியுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்னங் தம்பி... அரை ஷிப்ட் போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

எந்தப் பொருளாதார மேதையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே யாரும் மணிக்கணக்கில் வேலை செய்வதில்லை, ஷிப்ட் கணக்குத்தான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலையில் எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வந்தால் ஒன்றரை. அந்த முழு ஷிப்ட் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாய்ப் போய்விடும். பிள்ளைகளின் ஸ்கூல் வேன், குழு லோன், ஏலச்சீட்டு, மாமியாரின் பிரஷர் மாத்திரை எல்லாம் ஓடுவது அந்த அரை ஷிப்டில்தான். அப்போது அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளக் கவர் இளைத்துவிட்டது. பக்கத்து ரூம் ஒடிசாத் தம்பி பூஜைக்கு ஊருக்குக் கிளம்பினான். "எப்பப்பா வருவே?" என்றால், "போன் பண்ணுங்கண்ணா, ஷிப்ட் இருந்தா வர்றேன்" என்கிறான். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிற பையன். டெய்லர் கிடைக்கவில்லை என்று முந்தின தீபாவளிக்கு இதே ஊர் புலம்பிக்கொண்டிருந்தது.

சரி, அழுதது போதும். ஆரோக்கியப் பக்கம் போவோம்.

ஜூலை மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு யோசனை சொன்னது. ஆபீஸ்களில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை என்று போர்டு மாட்ட வேண்டுமாம். உடனே சமோசா மேல் சிகரெட் மாதிரி எச்சரிக்கை ஒட்டப்போகிறார்கள் என்று நாடே பதறியது. அப்படியெல்லாம் இல்லை என்று அரசே விளக்கம் கொடுத்தது. எங்கள் கம்பெனி வீதி பேக்கரியில் எந்த போர்டும் மாட்டவில்லை. ஆனால் போண்டா விற்பனை படுத்துவிட்டது. வீட்டுக்கே அஞ்சரைக்குப் போகிறவன் எதற்குக் கடையில் போண்டா சாப்பிடுகிறான்? டெல்லியால் குறைக்க முடியாத எண்ணெயை வாஷிங்டன் குறைத்துவிட்டது. மாஸ்டர் மட்டும், "கொலஸ்ட்ரால் குறைஞ்சுதுங்க, எனக்குத்தான் பிரஷர் ஏறிருச்சு" என்கிறார்.

போகட்டும், ஜி.எஸ்.டி. குறைந்ததே என்பீர்கள். செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள துணிகளுக்கு 5 சதவீதம். முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினால் 12. நல்ல விஷயம்தான். மறுநாளே காதர்பேட்டையில் ஒருவர் 120 ரூபாய் பனியனை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஜி.எஸ்.டி. குறைச்சாச்சே, எவ்வளவு குறைப்பீங்க?" என்று மல்லுக்கு நின்றார். அதற்கு எப்போதுமே 5-தானுங்க என்று கடைக்காரர் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பனியன், ஜட்டியை இளக்காரமாக நினைக்காதீர்கள். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், நாட்டின் பொருளாதாரத்தைக் கணிக்க ஆண்களின் உள்ளாடை விற்பனையைக் கவனிப்பாராம். கையில் காசு குறைந்தால் ஆம்பளை முதலில் தள்ளிப்போடுவது அதைத்தான், ஓட்டை விழுந்தாலும் வெளியே யாருக்கும் தெரியாதே! இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய பதவி தேவையில்லை. துணி காயப்போடும் எந்த வீட்டம்மாவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

இங்கிலாந்துக் கதை வேறு. ஜூலை 24-ல் அவர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நம் துணிக்கு அங்கே இருந்த 12 சதவீதம் வரையிலான வரி பூஜ்யமாகும் என்றார்கள். எப்போது? அமலுக்கு வந்ததும். நிச்சயதார்த்தம் முடிந்தது, முகூர்த்தம்தான் அப்போது குறிக்கவில்லை. பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 டிசம்பர் 31 வரை நிறுத்தி வைத்தார்கள். நூல் விலை இறங்கினால் நல்லதுதான். ஆனால், ஆர்டர் இல்லாமல் நூலை வைத்துக்கொண்டு பட்டமா விடுவது?

விளையாட்டில்தான் ஊர் மானம் தப்பித்தது. ஜூலை 6-ல் டி.என்.பி.எல். ஃபைனலில் நம்ம திருப்பூர் தமிழன்ஸ், அஷ்வினின் திண்டுக்கல் டிராகன்ஸை அவர்கள் ஊரிலேயே 118 ரன் வித்தியாசத்தில் கவிழ்த்துக் கோப்பையைத் தூக்கியது. கிரவுண்டில் 118 வித்தியாசத்தில் ஜெயித்த ஊர், கப்பலில் 30 வித்தியாசத்தில் தோற்றது.

ஆசியக் கோப்பையிலும் இந்தியா ஜெயித்தது, கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. அந்த அரசியல் நமக்கு வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தது ஜெர்சியைத்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்த சட்டத்தால் டிரீம்11 விலக, ஆசியக் கோப்பை முழுக்க நெஞ்சில் ஸ்பான்சர் பெயரே இல்லாமல் ஆடினார்கள். டி.வி.யில் பார்த்த பிரின்டிங் பட்டறை அண்ணன் கவலையோடு கேட்டார்: "முன்பக்கம் பிரின்ட் இல்லீன்னா பீஸ் ரேட்டுல கழிச்சிருப்பாங்களே?" அப்புறம் அப்போலோ டயர்ஸ் வந்ததும்தான் அவருக்குத் தூக்கம் வந்தது.

நம்மூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன் செப்டம்பர் 12-ல் குடியரசுத் துணைத் தலைவராகப் பதவியேற்றதில் கட்சி பார்க்காமல் ஊருக்கே பெருமை. எழுந்து நிற்கும் எம்.பி.க்களை உட்கார வைப்பது இனி அவர் பாடு. உட்கார்ந்திருக்கும் டெய்லர்கள் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் முதலாளிகள் பாடு. இரண்டில் எது கஷ்டம் என்று சொல்லத் தெரியவில்லை.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அதற்கு மேல் அந்த வருஷம் எவ்வளவு என்பதுதான் அப்போது ஊர் முழுக்கப் பேச்சு. நம் அக்கா போனஸில் ஒரு பங்கு சீட்டுக்கு, ஒரு பங்கு லோனுக்கு என்று அப்போதே பிரித்துவிட்டார். பட்டாசு கணக்கிலேயே இல்லை.

"ஏனுங் தம்பி, அந்த டிரம்ப்பு தீபாவளி கொண்டாடுவாருங்களா?" என்று கேட்டார்.

"2017-ல் வெள்ளை மாளிகையில விளக்கே ஏத்தினாருங்கக்கா."

"அப்படீங்களா! அப்ப அனுப்பர்பாளையத்துல ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கி அனுப்பி வெக்கலாமுங்களா? மனசு எளகினாலும் எளகும்." கொஞ்சம் யோசித்தார். "பித்தளைக்கு எத்தனை வரிங்க தம்பி?"