ஊருக்கு ஒரே கூடம்!

ஆத்தூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் சமுதாயக் கூடம் கேட்கும் உரிமை உண்டு. ஆனால், எத்தகைய கூடம்? சிமெண்டும் கம்பியும் வெளியூரிலிருந்து வர, வசிட்ட நதியின் மணலை அள்ளிக் கொட்டி, சித்திரை வெயிலில் உள்ளே அமர முடியாமல் மக்கள் மரத்தடி நாடும் கூடமா?

சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டெடுப்பதன்றோ சிமெண்ட்! சூளைச் செங்கலுக்கும் விறகும் நிலக்கரியும் இரையாகின்றன. காலடியிலோ செம்மண் கிடக்கிறது. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் கலந்து, கைப்பொறியில் அழுத்தி, நான்கு வாரம் ஈரங்காத்தால் சுடாத கல் கிடைக்கும். மண்ணைச் சோதித்த பிறகே தொடங்கவேண்டும். கரிசல் உதவாது, வெடிக்கும். அடித்தளத்துக்குக் கருங்கல், மழை சுவரைத் தொடாதபடி நீண்ட தாழ்வாரம், வெப்பக் காற்று வெளியேற உயரே துளைச்சுவர்: இவ்வளவே!

ஏட்டுச் சுரைக்காய் என்பார் உளர். அவர்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தைக் காணட்டும். கலைஞர் அரசு 1997-இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தின்கீழ், அன்றைய ஊராட்சித் தலைவர் இளங்கோ அங்கே இரட்டை வீடுகள் எழுப்பினார். நடுவே ஒரே சுவர். இப்புறம் ஆதிதிராவிடர் குடும்பம், அப்புறம் பிற சாதிக் குடும்பம். மண்கல் அவ்வூரிலேயே உருவாயிற்று; கூலியும் அவ்வூர்க் கைகளுக்கே சென்றது. மரவள்ளி அகழ்ந்து காய்த்த நம் ஆத்தூர்க் கைகளுக்கு அது இயலாதோ?

ஓர் ஐயம் எழும், எழவும் வேண்டும். “தலைமுறை தலைமுறையாக மண்குடிசையில் கிடந்தோம். இன்றும் எங்களுக்கு மண், மாடிவீட்டாருக்குக் காங்கிரீட்டா?” நேர்மையான சினம் இது! சுற்றுச்சூழல் பாடம் இதற்கு விடையாகாது. ஆகவேதான் சொல்கிறோம்: வறியவர் வீட்டில் சோதனை வேண்டா, பொதுக்கூடத்தில் தொடங்குக! பண்ணையார் மகன் மணமும் பண்ணையாள் மகள் மணமும் அதே மண்சுவர்களுக்குள் நடக்கட்டும். ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என இரு கூடம் எழுப்பினால், எந்தக் கல்லால் எழுப்பினாலும் அது தீண்டாமைச் சுவரே.

அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் கொண்டுவருக! இடம் இருசாராரும் தடையின்றி வந்துபோகும் சாலையோரமாக இருக்கட்டும். வேலை உள்ளூர் ஆண் பெண் இருபாலர்க்கும், சமக்கூலியோடு. வாடகை எவ்வளவு, கூடத்தின் சாவி எவரிடம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பெரியவீட்டு ஆணியில் சாவி தொங்கும் பொதுக்கூடங்களை நாம் அறிவோம்.