பரிசு பெற்ற படங்கள் மலையேறட்டும்!

நவம்பர், டிசம்பர் மாதங்கள் பிறந்துவிட்டால் நம் நாட்டில் பன்னாட்டுத் திரைப்பட விழாக்களின் பருவம் தொடங்கிவிடுகிறது. கோவாவில் இந்திய அரசின் விழா. திருவனந்தபுரத்தில் கேரளத்தின் விழா. சென்னையில் இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2003 முதல் நடத்திவரும் விழா. தங்க மயில் யாருக்கு, சிறந்த தமிழ்ப்படம் எது என்று நாளிதழில் படிக்கிறோம். படித்துவிட்டு மடித்து வைக்கிறோம். அந்தப் படங்களுள் பலவற்றை நாம் பார்ப்பதேயில்லை.

"குரங்கணிக்காரனுக்குப் படவிழாப் பேச்சு எதற்கு? ஏலக்காய் விலையைப் பேசு!" என்று விடுதி நண்பர்கள் நகைக்கின்றனர். நல்லது, ஏலக்காயையே பேசுவோம். போடியில் காயைச் சல்லடையிட்டுப் பருமன் பார்க்கிறார்கள். பச்சை நிறம் பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்றும் பார்க்கிறார்கள். இவ்வளவும் எதற்காக? நல்ல சரக்கு நல்ல விலைக்கு ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அன்றோ! தரம் பிரித்த காயைக் கிட்டங்கியிலேயே பூட்டி வைக்கும் வியாபாரியை நான் கண்டதில்லை. திரைப்பட விழாக்களின் போட்டிகளோ அதைத்தான் செய்கின்றன. நடுவர்கள் அமர்ந்து, பார்த்து, தரம் பிரித்து, மேடையில் பரிசும் வழங்குகிறார்கள். அத்துடன் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

முன்பு இவ்வாறு இருந்ததில்லை. 1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கியது. அங்கேயே அது நின்றுவிடவில்லை. சென்னை, டில்லி, கல்கத்தா என்று பயணம் சென்றது. இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', ஜப்பானின் 'ரஷோமோன்' ஆகியவற்றை நம் நாட்டார் கண்டு வியந்தது அப்போதுதான். அவ்விழாவில் போட்டியே கிடையாது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. போட்டியும் தங்க மயிலும் 1965இல் வந்தன. சத்யஜித் ரே தலைமையிலான நடுவர் குழு அவ்வாண்டு தங்க மயிலை இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'கம்பெரலிய'வுக்கு வழங்கியது. பின்னும் பல ஆண்டுகள் ஊர் மாறிக்கொண்டிருந்த விழா, 2004 முதல் கோவாவில் நிலைகொண்டது. அன்று விழா ஊர்களைத் தேடிச் சென்றது. இன்று நாம்தான் விழாவைத் தேடிச் செல்ல வேண்டும். செல்வதற்கு நம்மில் எத்தனை பேரிடம் பணமும் விடுப்பும் உண்டு?

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. மேலூரை அடுத்த அரிட்டாபட்டிப் பகுதியில் எடுக்கப்பட்ட 'கூழாங்கல்' படத்துக்கு 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது கிடைத்தது. இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜுக்கு அதுவே முதற்படம். இந்தியாவின் சார்பில் ஆஸ்கார் போட்டிக்கும் அப்படம் அனுப்பப்பட்டது. போடியிலிருந்து அரிட்டாபட்டி நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ராட்டர்டாம்காரர் கண்ட படத்தை நாம் காண 2023 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் சோனி லிவ் என்னும் இணையத் தளத்தில், பணம் கட்டி! எங்கள் மலையில் அலைபேசிக்கு அலைவரிசை பிடிக்கவே பாறை தேடி ஏற வேண்டும் என்பதை இங்கே விரிக்கவில்லை.

நம் மாவட்ட மலைச்சரிவுகளில் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018இல் வெளிவந்தது. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரெங்கசாமியின் கதை அது. அவன் சுமந்து வரும் மூட்டை பள்ளத்தில் உருண்டு காயெல்லாம் சிதறும் இடம் ஒன்றுண்டு. என் தாயார் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். நண்பன் ஒருவனின் அலைபேசியில் அப்படத்தை அவருக்குக் காட்டினேன். அவ்விடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பிறகு, "அந்த மூட்டையில எத்தன நாள் கூலி இருக்குன்னு எடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்குப்பா" என்று மட்டும் சொன்னார். எந்த நடுவர் குழுவின் பாராட்டுரைக்கும் இது குறைந்ததன்று என்பேன். ஆயினும் இத்தகையோர் தீர்ப்பைக் கேட்க எந்தப் போட்டியிலும் இடமில்லை.

சென்னை விழாவின் தமிழ்ப்படப் போட்டியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. 2024இல் அங்கே சிறந்த படமாகத் தேர்வானது 'அமரன்'. நல்ல படந்தான், நானும் தீபாவளியை ஒட்டித் தேனியில் கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்தேன். ஊரே கண்டு கைதட்டிய படத்துக்குப் படவிழாப் பரிசு புதிதாக என்ன செய்துவிடும்? "வசூலானது குற்றமா? தகுதி இருந்தால் கொடுப்பதுதானே முறை!" என்று என் அறைத்தோழன் வாதிடுகிறான். தகுதியை நான் மறுக்கவில்லை. திரையரங்கு கிடைக்காமல் தவிக்கும் படத்துக்கு அப்பரிசு ஒரு கைத்தடி. வென்றுவிட்ட படத்துக்கு அது இன்னொரு மாலை.

கேரளத்தார் இதில் நம்மினும் முந்திவிட்டனர். அவர்கள் விழாவில் பார்வையாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் படத்துக்குத் தனிப் பரிசு உண்டு. 2021இல் கொரோனா காரணமாகத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என நான்கு ஊர்களில் விழாவைப் பிரித்து நடத்தினர். நோயின் பொருட்டு இயன்றது, மக்களின் பொருட்டு இயலாதா?

சென்னை விழாவுக்குத் தமிழக அரசு நிதியுதவி அளிக்கிறது. ஆகவே மாவட்டத்தாராகிய நாமும் அதில் பங்கு கேட்கலாம். போட்டிக்கு வரும் ஒவ்வொரு தமிழ்ப்படமும், பரிசு பெற்றால் அரசுக் கல்லூரிகளில் ஒருமுறை கட்டணமின்றித் திரையிட இசைய வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். திருட்டுப் பதிவுக்குத் தயாரிப்பாளர்கள் அஞ்சுவது நியாயமே. படத்தை விழாக் குழுவினரே கொண்டுவந்து காட்டி எடுத்துச் செல்லட்டும். வாசலில் ஒரு வாக்குப் பெட்டி. அதில் மாணவர் மட்டுமல்லர், ஊராரும் வாக்களிக்கட்டும்.

நம் கல்லூரி அரங்கில் திரை இருக்கிறது, ஒளிபெருக்கி இருக்கிறது. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி வாங்க வேண்டும், அவ்வளவே. 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரப் படம். தோட்டங்களுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில், பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால், வாக்கும் போட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் குரங்கணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம்.