பங்கசும் மலைநாட்டு மண்ணும்

பங்கசு என்றதும் மலைநாட்டார் அஞ்சுவது இயல்பே. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1946இல் வந்த கொப்புள நோய் தேயிலைக் கொழுந்தைத் தாக்கியது. இரண்டும் பங்கசின் செயலே. எனினும் அக்குலத்திலே நமக்குத் துணையாவனவும் உள என்பதை இவ்விழா மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அட்டனிலும் நுவரெலியாவிலும் சில ஆண்டுகளுக்கொருமுறை தேயிலைச் செடிகள் கவ்வாத்துச் செய்யப்படுகின்றன. வெட்டிய மிலாறு விரைவில் உக்குவதில்லை. காரணம் யாது? மரத்தின் எடையில் ஏறக்குறையக் காற்பங்கு இலிக்னின் என்னும் பொருளாகும். செங்கற்களைப் பிணைக்கும் சாந்துபோல அது செலுலோசு நார்களைப் பிணைத்து நிற்கின்றது. நுண்ணுயிர்களுட் பெரும்பாலானவை அதன்முன் தோற்றுப்போகின்றன. வெண்ணழுகற் பங்கசுகளோ நொதியங்களைச் சுரந்து அதனைச் சிதைக்கின்றன. அவற்றுள் ஒன்றான இலிக்னின் பெரொட்சிடேசை அமெரிக்க ஆய்வாளர் 1983இல் கண்டறிந்தனர். பச்சைக் கொழுந்தைக் கறுப்புத் தேயிலையாக்குவதும் இலையிலுள்ள ஒரு நொதியமே. ஆதலின் நொதியத்தின் ஆற்றல் நமக்குப் புதிதன்று. நாம் விரும்பியுண்ணும் சிப்பிக் காளானும் வெண்ணழுகற் கூட்டத்தைச் சேர்ந்ததே.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தோட்டங்கள் பட்ட பாட்டை யாவரும் அறிவர். அவ்வாண்டு முடியுமுன் தடை நீங்கியது, பாடம் நீங்கவில்லை. கூட்டெரு ஓர் ஆணையால் ஒரே நாளில் விளைவதன்று. மிலாற்றைச் சிறு துண்டுகளாக்கி, ஈரமூட்டி, தக்க பங்கசை இட்டு உக்கவைக்கும் முயற்சி இப்பொழுதே தொடங்கப்படல் வேண்டும். அவ்வெரு இரசாயனப் பசளைக்கு முழு ஈடாகாது. ஆயினும் சரிவுநிலத்து மண்ணுக்கு உரமூட்டி ஈரத்தையும் காக்கும்.

இங்கு எச்சரிக்கை இரண்டு. பட்ட மரக்கட்டையிலிருந்து தேயிலை வேருக்குப் பரவிச் செடியைக் கொல்லும் பங்கசுகளும் உள. ஆகவே தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனையின்றி எதனையும் மலையில் இடலாகாது. மற்றது இதனினும் பெரிது. மிலாறு லயத்து அடுப்புக்கு விறகு. நாள் முழுதும் கொழுந்து பறித்த தாய் தலையிற் சுமந்து வரும் விறகைப் பறித்து மண்ணுக்கு உணவிடுதல் அறமாகாது. முதலில் அவ்வீட்டுக்கு வேறு எரிபொருள். பின்னரே மண்ணுக்கு மிலாறு.

லயங்களிலிருந்து வந்து பயிலும் எம் மாணவர் இவ்விரு தேவைகளையும் நேரிற் கண்டவர்கள். கல்லூரி ஆய்வுகூடத்தில் சிறிது மிலாற்றுத் தூளில் காளான் வித்தை இட்டு வளர்த்துப் பார்க்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பழைய மாணவர் பொருளுதவ, ஆசிரியர் வழிகாட்ட, இன்றைய மாணவர் இதனைத் தொடங்குவாராக.